பெட்டியோடு வந்த அண்ணன்

டெல்மர் அண்ணன் என்னிடம் கையெழுத்துக் கேட்டு வந்தது ஒரு புதன்கிழமை, செப்டம்பர் மாதக் கடைசியில். சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்கு நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவருடைய பிக்கப் வண்டி வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. எங்கள் பக்கத்தில் வந்தவர் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வெளியே போவார். என் கணவர் ஹார்லன் போனார்.

"என்ன மச்சான், நீ இன்னும் சாகலையா?" என்றார் ஹார்லன்.

"உன்னையப் புதைச்சிட்டுத்தான் போவேன். உன் வயித்துக்கு ஏத்த குழி தோண்ட இந்த ஜில்லாவுலயே ஆள் கிடைக்கல."

இருவரும் சிரித்தார்கள். அண்ணனின் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமல் அடங்க நேரம் எடுத்தது. பிறகு ஒரு நீளமான பழுப்பு உறையை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"இது ஓலெட்டாவுக்கு. உள்ள மூணு இடத்துல கையெழுத்துப் போடணும். குறி வச்சிருக்கேன்."

"என்ன காகிதம் இது?"

"படிச்சா தெரியும்."

"நீயே சொல்லேன்."

"வாயால சொல்ல முடிஞ்சா நான் எதுக்குக் காகிதம் கொண்டாரேன்?"

வண்டி போய்விட்டது. ஹார்லன் உறையை மேசைமேல் வைத்தார். நான் அதைத் தொடவில்லை. டெல்மருக்கு அப்போது எழுபது வயது. என் பெரியம்மா மகன். ஐம்பது வருடமாக எங்கள் வீட்டுக்குச் செய்தவர், ஒருமுறைகூட எதையும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் கேட்டு வந்தது ஒரு கையெழுத்து.

எங்கள் கயோவாப் பழங்குடி ஜனங்களிடம் காகிதத்தோடு வந்து நிலத்தை எழுதி வாங்கிப் போனவர்களைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பொதுவாக வந்த எண்பது ஏக்கர், சேடில் மலைக்கு வடக்கே, இன்னும் பிரியாமல் இருந்தது. அந்தக் கோடையில் ஓர் எண்ணெய்க் கம்பெனி ஆள் வெள்ளைத் தொப்பியோடு கார்னகி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தான். எனக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை.

"நிலத்துக்குத்தான் வந்திருக்காரு" என்றேன்.

"டெல்மரா? அவனுக்கு எதுக்கு நிலம்? அவன் வீட்டுல இருக்கிறது ஒரு கட்டிலு, ஒரு ரேடியோ."

"அதான் சந்தேகம். ஒண்ணுமில்லாத ஆளு எதுக்கு ஐம்பது வருஷமா எங்க வீட்டையே சுத்தி வராரு?"

ஹார்லன் வண்டிச் சாவியை எடுத்தார். இந்தப் பேச்சு அவருக்குப் புதிதல்ல.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டெல்மர் அண்ணன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது பதினாறு வயதில், 1969 பிப்ரவரியில், ஒரு மதிய நேரத்தில்.

என் கூடப்பிறந்த அண்ணன் எவரெட் வியட்நாமில் இறந்துபோனான். டெல்மரும் அங்கேதான் இருந்தார், வேறொரு படைப்பிரிவில். உடலோடு துணைக்கு உறவுக்காரர் ஒருவரை அனுப்பும்படி அம்மா கேட்டுக்கொண்டதால் ராணுவம் அவரையே அனுப்பியது. சாம்பல் நிறப் பெட்டி சர்ச்சுக்கு வந்தது. அதோடு வந்த தாளில், திறந்து பார்க்கத் தகுதியான நிலையில் இல்லை என்று எழுதியிருந்தது. அம்மா அதற்கு முந்தின நாளே எங்கள் துக்க முறைப்படி கூந்தலைக் காதளவுக்கு வெட்டியிருந்தார். தாளைப் போதகர் படித்துச் சொன்னதும் அம்மா எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் கடப்பாரை இருந்தது.

"இதுல யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியணும். என் மகன்னு சொல்லி யாரையோ கொண்டாந்து வச்சிருக்காங்க."

ஒருவரும் குறுக்கே போகவில்லை. பெற்றவளை யார் தடுப்பது? முனையைப் பெட்டியின் விளிம்பில் கொடுத்துவிட்டார். அப்போதுதான் டெல்மர் முன்னே வந்தார். சீருடையில் இருந்தார். வயது இருபத்தொன்று.

"நான் பாத்தேன், சின்னம்மா. அவன்தான்."

அம்மா கையை எடுக்கவில்லை. "முகத்தப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"தூங்குற மாதிரி."

கடப்பாரை தரையில் விழுந்த சத்தம் பெரிதாகக் கேட்டது. அம்மா உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். நான் டெல்மரைப் பார்த்தேன். அவர் கால்சட்டையின் தையலைக் கட்டைவிரலால் மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் என் எவரெட்டும் அவரும் யார் வீட்டு முலாம்பழத்தையாவது திருடிவிட்டு வந்து நிற்கும்போது அவருடைய கை அப்படித்தான் போகும்.

இந்த ஆள் எதையோ மறைக்கிறார் என்று எனக்குப் பட்டது. என்னவென்று தெரியவில்லை. வயதாக வயதாக நானே ஒரு பதிலைக் கட்டிக்கொண்டேன்: பிரிவு வேறாக இருந்தாலும் எவரெட் சாகும்போது இவர் பக்கத்தில் இருந்திருக்கிறார், விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

அதற்குப் பொருத்தமாகவே எல்லாம் நடந்தது. போர் முடிந்து வந்தவர் அம்மா வீட்டிலிருந்து ஒரு மைல் தள்ளி, பீக்கன் மரங்களுக்கு அந்தப்புறம் ஒரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டார். கவுன்டி சாலை வேலையில் மண் தள்ளும் வண்டி ஓட்டினார். சனிக்கிழமைதோறும் வந்து அம்மாவுக்கு விறகு பிளந்தார், கூரை போட்டார், கிணற்று மோட்டாரைக் கழற்றி மாட்டினார். ஷையன் இனத்துப் பெண் ஒருத்தியைக் கட்டினார். அந்தப் பெண் மூன்றே வருடத்தில் கிளம்பிப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொன்னாள்: "உங்க அண்ணன் என்னையக் கட்டல. உங்க அம்மாவோட விறகுக் கட்டையத்தான் கட்டியிருக்காரு."

கடன் இல்லாத மனிதன் இப்படி உழைப்பானா? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. போரிலிருந்து திரும்பிய எங்கள் ஆண்கள் எல்லாரும் வீரர் சங்கத்தில் சேர்ந்தார்கள். சிவப்புப் போர்வையோடு வட்டத்துக்குள் ஆடுவார்கள். அழைத்தால் எழுந்து, தான் செய்ததை நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதில் ஒரு சொல் பொய்யாக இருக்கக் கூடாது. டெல்மரை ஒவ்வொரு வருடமும் அழைத்தார்கள். அவர் போகவே இல்லை. கார்கள் நிற்கும் இடத்தில் நின்று, முரசு ஓயும்வரை பார்த்துவிட்டுப் போவார். "ஏதோ பண்ணிட்டுத்தான் வந்திருக்கான்" என்று மற்றவர்களும் பேசிக்கொண்டார்கள்.

1986இல் ஆர்கன்சா மாநிலத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் தேடி வந்தார். எவரெட்டின் பிரிவில் இருந்தவர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அம்மா வீட்டுக்குத்தான் வந்தார். ஆனால் டெல்மர் அவரைக் கதவருகே விடாமல் சாலைக்கே கூட்டிக்கொண்டு போனார். இருவரும் வேலி ஓரம் ஒரு மணி நேரம் நின்று பேசினார்கள். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். டெல்மர் ஒருமுறை வேலிக்கம்பத்தைப் பிடித்துக் குனிந்துகொண்டார். வந்தவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் ஒரு வாய் சாப்பிடாமல் போனது அன்று ஒருநாள்தான்.

"யாருப்பா அது?" என்று அம்மா கேட்டார்.

"வழி கேட்டாரு, சின்னம்மா."

நேராகக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். எங்களுக்குள் அண்ணன் தங்கை முறை கண்டிப்பானது. கேலி பேச மாட்டோம். தனியாக உட்கார்ந்து பேச மாட்டோம். ஆனால் தங்கை நேராக ஒன்றைக் கேட்டுவிட்டால் அண்ணன் மறுக்கக் கூடாது, கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதனாலேயே நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். அதன் பிறகு அம்மாவுக்கு யார் விறகு பிளப்பது?

அம்மா 1998இல் போனார். கடைசி வாரங்களில், "எவரெட் தூங்குற மாதிரி இருந்தான், டெல்மர் பாத்தான்" என்று பலமுறை சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனேன்.

உறை மூன்று வாரம் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. ஹார்லனின் தங்கை மகள் ஜனெல் எங்கள் இனத்து அலுவலகத்தில் வேலை செய்கிறாள். காகிதம் படிப்பதில் கெட்டிக்காரி. அவள் வந்ததும் எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அத்தை, இது நிலம் இல்ல."

"பின்ன?"

"எவரெட் மாமாவோட குழியத் தோண்டி, உள்ள இருக்கிறது அவருதானான்னு பாக்கச் சொல்லி ராணுவத்துக்கு மனு. நெருங்கின ரத்த உறவு நீங்க ஒருத்தர்தான். நீங்க போட்டாத்தான் நடக்கும்."

செருப்பைக்கூட மாட்டாமல் வண்டியில் ஏறினேன். ஹார்லன் ஓட்டினார். டெல்மர் வீட்டு வாசலில் ஹார்லன் படியில் உட்கார்ந்துகொண்டார், நாங்கள் தனியாக இல்லை என்று ஆகட்டும் என்று. உள்ளே அண்ணன் கட்டிலில் இருந்தார். மூக்கில் குழாய், பக்கத்தில் காற்றுச் சிலிண்டர். அது வந்திருப்பது எங்களுக்குத் தெரியாது.

"அண்ணே, நேராக் கேக்கறேன். அன்னைக்குப் பெட்டிக்குள்ள எவரெட்டோட முகத்தப் பாத்தீங்களா?"

அவர் கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினார். பிறகு, "கேட்டுட்ட" என்றார். "ஐம்பது வருஷமா நீ எப்பக் கேப்பேன்னு இருந்தேன்."

"பாத்தீங்களா?"

"இல்ல."

வெளியே படியில் ஹார்லன் அசையும் சத்தம் கேட்டது.

"நகரத்துல சவப்பெட்டிக்காரங்க இடத்துல ராத்தங்கல். என்னையத் தனியா விடுங்கன்னு கேட்டேன். திருகு இன்னும் முடுக்கல. மூடியத் தூக்கினேன். மேல சீருடை, பொத்தான் போட்டு, பதக்கம் குத்தி, ஆளு படுத்திருக்கிற மாதிரி விரிச்சு வச்சிருந்தாங்க. ஆனா உள்ள ஆளு இல்ல. அடியில பச்சைக் கம்பளில சுத்தின மூட்டை. கம்பளிய ஊக்கு போட்டு இறுக்கியிருந்தாங்க. முதல் ஊக்குல கை வச்சேன். கழட்ட முடியல, ஓலெட்டா. கழட்டல. மூடிட்டேன்."

"எங்க அம்மாகிட்டப் பொய் சொன்னீங்க."

"ஆமா."

"தூங்குற மாதிரின்னு சொன்னீங்க."

"கடப்பாரைய உள்ள குடுத்துட்டாங்க. இன்னும் ஒரு நெம்பு நெம்பியிருந்தா அந்த மூட்டையப் பாத்திருப்பாங்க. அதுக்கப்புறம் என்னன்னு யோசிக்க எனக்கு நேரமில்ல."

செத்த வீரனைப் பற்றிப் பொய் சொன்னவன் அந்த வட்டத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாது என்றார். அதனால்தான் போகவில்லையாம்.

"அப்ப ஏன் இப்பத் தோண்டணும்? செத்தவனை ஏன் எழுப்பணும்?"

"ஆர்கன்சாக்காரர் ஒருத்தர் வந்தாருல்ல. அவருதான் சொன்னாரு. ஒரே வண்டியில மூணு பசங்க எரிஞ்சு போயிருக்காங்க. பொறுக்கி எடுத்ததுல அவரும் ஒருத்தர். யாரு யாருன்னு பாத்து எடுக்கிற நிலையில நாங்க இல்லைன்னாரு. அதுவரைக்கும் பொய் சொன்ன பாரம் மட்டும்தான். அன்னையிலருந்து வேற. நம்ம குழியில வேற ஒரு அம்மாவோட பிள்ளை கிடந்தா? நம்ம எவரெட் எங்கேயோ, யாரோட பேருலயோ கிடந்தா? சின்னம்மா இருக்கிறவரை வாயத் திறக்க முடியாது. இப்ப எனக்கு நாளில்ல."

நான் கையெழுத்துப் போடவில்லை. எழுந்து வந்துவிட்டேன். வண்டியில், "இதுவும் கதையா இருந்தா?" என்றேன்.

"அடி, அந்த மனுஷன் சாகக் கிடக்கிறான்" என்றார் ஹார்லன்.

"சாகக் கிடக்கிறவங்க பொய் சொல்றதில்லையா?"

ஜனெல் இரண்டு நாளில் ஆர்கன்சாக்காரரின் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அவரும் கிழவராகியிருந்தார். நான் டெல்மர் சொன்னதைச் சொல்லாமல், அவரையே முதலிலிருந்து சொல்ல வைத்தேன். வண்டி, மூன்று பையன்கள், பொறுக்கியது எல்லாம் ஒத்துப்போனது. கடைசியில் ஐம்பது வருடக் கேள்வியைக் கேட்டேன்.

"டெல்மர் அப்போ எங்க இருந்தாரு? ஓடிட்டாரா?"

"யாரு, அவரா?" என்றார் கிழவர். "அம்மா, அவரு அங்க இல்லவே இல்ல. நாப்பது மைல் தள்ளி வேற முகாம். செய்தி கேட்டு மறுநாள் வந்தாரு."

தொலைபேசியை வைத்துவிட்டு நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதனைப் பற்றி ஐம்பது வருடம் கட்டிவைத்தது சரிந்துவிட்டது. அதற்குப் பதிலாக வைக்க என்னிடம் எதுவும் இல்லை.

ஜனவரியில் அவரை நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டில் பலகையில் வைத்தே மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். அவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"ரெண்டாவது பக்கத்துல தேதி போடல."

போட்டேன். மரபணுவை ஒப்பிடுவதற்காக வந்த ஒரு பெண் என் கன்னத்தின் உட்புறம் பஞ்சைத் தேய்த்து எடுத்துக்கொண்டாள். என் எச்சிலை வைத்து வேறென்ன செய்வார்கள் என்று நான் கேட்டதற்கு அந்தப் பெண் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"அண்ணே, நான் உங்களத் தப்பா நினைச்சிட்டு இருந்தேன்."

"தெரியும்."

"எப்படி?"

"நீ எனக்குக் காபி ஊத்துற விதத்துலயே தெரியும். முகத்தப் பாக்காம ஊத்துவ."

"அப்புறம் ஏன் வந்துட்டே இருந்தீங்க?"

அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். "சின்னம்மா என்னையப் பாக்கிறப்பல்லாம் நிம்மதியா இருந்தாங்க. நான் கண்ணுல படாம இருந்தா, அவங்களுக்கு மறுபடியும் சந்தேகம் வந்துருமோன்னு."

மார்ச் ஒன்பதாம் தேதி காலையில் போனார். மனுவுக்கு அதுவரை பதில் வரவில்லை. எவரெட்டின் குழிக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டாம், முடிவு தெரியும்வரை ஓர் இடம் விடுங்கள் என்று சொல்லியிருந்தார். ரெய்னி மவுண்டன் கல்லறையில் அப்படியே ஓர் இடம் விட்டுப் புதைத்தோம். அவர் சேராத அந்த வீரர் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். கயோவா மொழிப் பாட்டுகளைப் பாடினார்கள். மரியாதைக்கு மூன்று முறை துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். மடித்த கொடியை என் கையில் கொடுத்தார்கள்.

சர்ச் கூடத்தில் சாப்பாட்டின்போது நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன், அவருடைய பொய்யையும் என்னுடைய சந்தேகத்தையும். நூறு பேர் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்கள். சங்கத்தின் தலைவர் வெண்டல் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மெல்ல எழுந்தார்.

"வீரன் தான் பாத்ததத்தான் சொல்லணும். அவன் பாக்காததச் சொன்னான். அதனால வட்டத்துக்குள்ள வரல. அது அவனுக்கே தெரிஞ்சிருந்துச்சு, நாம யாரும் சொல்ல வேண்டியிருக்கல." என் பக்கம் திரும்பினார். "ஆனா கடப்பாரையோட நிக்கிற தாய்க்கு முன்னாடி நான் நின்னதில்ல. நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியல."

ஆகஸ்டில் குழியைத் தோண்டினார்கள். ஊரில் பேச்சுக்குக் குறைவில்லை. ஓலெட்டா அண்ணன் குழியில் எண்ணெய் தேடுகிறாள் என்று கடைத்தெருவில் ஒருவர் சொன்னாராம். பெட்டி கித்தான் போட்டு மூடி வண்டியில் ஏறும்வரை நான் நின்றேன். உள்ளே இருப்பது யாராக இருந்தாலும் இருக்கட்டும் என்று ஒரு கம்பளியை மேலே போர்த்தி அனுப்பினேன்.

ஆறு மாதம் ஆனது. பிப்ரவரியில் சீருடை அணிந்த ஒரு பெண் அதிகாரி தடித்த கோப்போடு வீட்டுக்கு வந்தார். முறை தெரியாமல் நேராக வந்து கதவைத் தட்டினார். ஹார்லனும் ஜனெல்லும் உட்கார்ந்திருந்த மேசையில் கோப்பை விரித்தார்.

"அம்மா, அது உங்க அண்ணன் எவரெட்தான்."

"அப்படித்தான் அன்னைக்கும் ஒருத்தர் சொன்னாரு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பல்லின் படம், எலும்பின் படம், என் எச்சிலோடு ஒப்பிட்ட எண்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மற்ற இரண்டு பையன்களின் எலும்பு கலந்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். எத்தனை எலும்பைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். எல்லாவற்றையும் என்றார். பார்த்தவர் பெயர் என்ன, அவர் கையெழுத்து எங்கே என்று கேட்டேன். காட்டினார். ஹார்லன் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

அந்த அதிகாரி இரண்டு மணி நேரம் பொறுமையாக இருந்தார். சோளமும் உலர்ந்த இறைச்சியும் போட்ட சாறு கொடுத்தேன். வறுத்த ரொட்டி மூன்று சாப்பிட்டார்.

அவர் போன பிறகு எனக்கு எவரெட்டுக்காக அழுகை வரவில்லை. அந்த அழுகை பதினாறு வயதிலேயே முடிந்துவிட்டது. தெரியாமலேயே உண்மையைச் சொல்லிவிட்டு, அதைப் பொய் என்று தூக்கிக்கொண்டே செத்துப்போனவரை நினைத்தேன். பதினொரு மாதம் தாமதம். நான் உறையை ஃப்ரிட்ஜ் மேல் வைக்காமல், அன்றே கையெழுத்துப் போட்டிருந்தால்கூட அந்தத் தாமதம் தீர்ந்திருக்குமா என்று ஜனெல்லிடம் கேட்டேன். தீர்ந்திருக்காது என்றாள். எனக்காகச் சொல்கிறாளா என்று அவள் கைகளைப் பார்த்தேன். அவை கோப்பின் மேல் அசையாமல் இருந்தன.

"இன்னொரு தடவை படி" என்றேன்.

முதல் பக்கத்திலிருந்து படித்தாள். எண்களை எல்லாம் விடாமல் படித்தாள். முடிக்கும்போது சாறு ஆறிவிட்டது. நான் எழுந்து அதைச் சூடாக்கினேன். முடிவை வெண்டலுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்தேன். நாங்கள் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம்.